"லைட் எரிஞ்சும் ஏன் சார் ஓட்டுனீங்க?"

ஆயில் சர்வீஸ் முடிந்த நான்கைந்து நாளில் என்ஜின் பிடித்துக்கொண்ட காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றி, சர்வீஸ் செய்த அதே இடத்தில் கொண்டுபோய் இறக்கினால், கவுன்ட்டரில் இருப்பவர் முதலில் கேட்பது அநேகமாக எல்லா ஊரிலும் ஒரே கேள்விதான். "சிவப்பு லைட் எரிஞ்சிருக்குமே சார், ஏன் ஓட்டுனீங்க?" குரலில் அக்கறைகூட இருக்கும். ஆனால் அந்த ஒரு கேள்வியில் பாதி வழக்கு கைமாறிவிடுகிறது. ஆயிலை ஒழுகவிட்டது யார் என்ற கேள்வி பின்னுக்குப் போய், ஒழுகியதைக் கவனிக்காதது யார் என்பது முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வண்டிக்காரரும் சங்கடத்தோடு, "கொஞ்ச தூரம்தாங்க வந்திருப்பேன்" என்பார். ஜாப் கார்டில் "வாடிக்கையாளர் எச்சரிக்கை விளக்கு எரிந்தும் வண்டியை ஓட்டியுள்ளார்" என்று ஒரு வரி ஏறிவிடும். ஒன்றரை லட்சமோ இரண்டு லட்சமோ, எஸ்டிமேட் அந்த வரியின் மேல்தான் கட்டப்படுகிறது.

அந்தக் கேள்வி நியாயமானதா என்று பார்க்க அந்த விளக்கையே கொஞ்சம் பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் மூக்கு நீண்ட எண்ணெய்க் கேன் போல எரியும் சிவப்பு விளக்கு ஆயில் அளவைக் காட்டுவது இல்லை. பெரும்பாலான கார்களில் அதன் மறுமுனையில் இருப்பது என்ஜின் பிளாக்கில் திருகிய ஒரு சின்ன பிரஷர் சுவிட்ச். ஆயில் அழுத்தம் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே இறங்கினால்தான் அது விளக்கை ஏற்றும். நல்ல நிலையில் உள்ள என்ஜின் சூடாகி ஐடிலில் நிற்கும்போதே சுமார் 1 பார் காட்டும், நெடுஞ்சாலை வேகத்தில் 3, 4 பார். அதாவது, விளக்கு எரிகிற நேரத்தில் கிராங்க் ஷாஃப்ட்டை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் அச்சை, தாங்கும் பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. முன்னறிவிப்பு என்று நாம் நினைப்பது உண்மையில் சாவுச் செய்தி. இப்போது கணக்குப் போடுங்கள். 80 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 22 மீட்டர். என்ஜின் 2,500 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் நொடிக்கு 41 சுற்றுக்கு மேல். ஓட்டுகிறவர் விளக்கைக் கவனித்து, பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்து, இடது ஓரம் ஒதுங்கி, என்ஜினை அணைக்க 20 நொடி ஆனால், வண்டி 440 மீட்டர் போயிருக்கும், கிராங்க் 800 சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கிற இடைவெளி 0.02 முதல் 0.05 மி.மீ.தான். அந்த இடத்தில் ஆயில் படலம் இல்லாமல் 800 சுற்று.

பத்து கிலோமீட்டர் விளக்கோடு ஓட்டி வந்தவர் விஷயம் வேறு. அவர் பங்குக்கு அவர் பொறுப்பு, அதை மறைக்கவும் கூடாது. ஆனால் ஒரு நிமிடத்துக்குள் அணைத்தவரிடமும் அதே கேள்வியைக் கேட்பது, கிணற்றுக்கு மூடி போடாதவன் விழுந்தவனைப் பார்த்து "கண் தெரியலையா" என்று கேட்பது போல.

பிட்டில் நடந்தது

ஆயில் மாற்றுவது சர்வீஸ் வேலைகளிலேயே எளிதானது. அதனாலேயே புதிதாகச் சேர்ந்த பையனிடம் போகும். என்ஜினுக்குக் கீழே ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் உள்ள ட்ரெயின் பிளக்கைக் கழற்றி, பழைய ஆயிலை வடித்து, வாஷரை மாற்றி, பிளக்கைப் பூட்டி, ஃபில்டரை மாற்றி, சிறிய பெட்ரோல் கார் என்றால் 3 முதல் 3.5 லிட்டர் புது ஆயில் ஊற்ற வேண்டும். இதில் கெடுவதற்கு நாலு இடம் இருக்கிறது. பிளக்கைக் கையால் பூட்டிவிட்டு, "அப்புறம் டைட் பண்ணலாம்" என்று அடுத்த வண்டிக்குப் போய்விடுவது ஒன்று. வண்டி கேட்டைத் தாண்டும்போது சொட்டுகூட இருக்காது. மூன்று நாள் அதிர்விலும் சூட்டிலும் பிளக் மெல்ல மெல்லத் திரும்பி, ஒரு நாள் ரோட்டில் விழும். விழுந்துவிட்டால் மூன்று லிட்டரும் கொட்ட ஓரிரு நிமிடம் போதும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. பெரும்பாலான சிறிய கார்களில் ட்ரெயின் பிளக்குக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் டார்க் போதும். டார்க் ரெஞ்ச் சுவரில் தொங்கும், பையன் கையில் நீளமான பைப் போட்ட ஸ்பானர் இருக்கும். அலுமினிய சம்ப்பின் மரை உருவிக்கொண்டு வரும். அதைச் சொன்னால் திட்டு விழும் என்று டெஃப்லான் டேப்பைச் சுற்றி அடைத்து அனுப்புவார்கள். இந்தத் தப்பு முந்தைய சர்வீஸில் நடந்து, இந்த சர்வீஸில் வெடிப்பதும் உண்டு.

மூன்றாவது, ஃபில்டர். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் கேஸ்கெட் சில சமயம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பார்க்காமல் புது ஃபில்டரை ஏற்றினால் கேஸ்கெட் மேல் கேஸ்கெட். கையால் முடுக்கும்போது வித்தியாசம் தெரியாது. அழுத்தம் ஏறுகிற ஏதோ ஒரு நேரத்தில் ரப்பர் ஒரு பக்கமாகப் பிதுங்கி வெளியே வரும். பிளக் விழுந்தால் ஆயில் தன் எடையில் வடியும். இங்கே என்ஜினின் சொந்த பம்ப்பே 3, 4 பாரில் ஆயிலை வெளியே துப்பும். இதைவிட வேகமாக என்ஜினைக் கொல்லும் வழி குறைவு. சரியான முறை ஃபில்டர் டப்பாவிலேயே படமாகப் போட்டிருக்கும்: புது கேஸ்கெட்டில் கொஞ்சம் ஆயில் தடவு, அது பிளாக்கைத் தொட்டதும் முக்கால் சுற்று முடுக்கு. கார்ட்ரிட்ஜ் வகை என்றால் மூடியின் மேலேயே 25 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருப்பதைப் பல கார்களில் பார்க்கலாம்.

நாலாவது, கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நடக்கிறது: பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற மறந்துவிடுவது. மதிய இடைவேளைக்கு முன்னால் ஒருவர் வடிப்பார், பின்னால் வேறொருவர் வந்து வண்டியை இறக்குவார். வாஷிங் பே வரைக்கும் போவதற்குள் விளக்கோ சத்தமோ காட்டிக்கொடுத்துவிடும், அதனால் இந்தத் தப்பு பெரும்பாலும் சர்வீஸ் சென்டருக்குள்ளேயே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு ஆயிலை ஊற்றி, ஒன்றும் நடக்காதது போல டெலிவரி கொடுத்தால்தான் பிரச்சினை. இரண்டாயிரம் கிலோமீட்டர் கழித்து 'டக் டக்' என்று ராடு பேரிங் அடிக்கும்போது யாரும் அந்த மதியத்தை நினைக்க மாட்டார்கள்.

மெதுவாகக் கொல்கிறவையும் உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் சரியாக உட்காமல் தூசியை உறிஞ்சி பிஸ்டன் ரிங் தேய்வது, கூலன்ட் மாற்றியபின் காற்று வெளியேற்றாமல் விட்டு, சூடேறி சிலிண்டர் ஹெட் வளைவது, டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள டீசலுக்குக் குறைந்த சாம்பல் ஆயில் போடாமல் கையில் கிடைத்ததை ஊற்றுவது. இவற்றில் காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருப்பதால் நிரூபிப்பது கடினம். ஆயில் ஒழுகிய என்ஜின் மட்டும்தான் கைரேகையோடு வந்து நிற்கிறது.

கைரேகை என்று சும்மா சொல்லவில்லை. பிளக் விழுந்த சம்ப்பில் மரை ஒழுங்காக இருந்தால் பிளக் முடுக்கப்படவே இல்லை. மரையில் அலுமினியம் சுருள் சுருளாக உரிந்து வந்திருந்தால் அளவுக்கு மேல் முடுக்கியிருக்கிறார்கள். வாஷர் கிடைத்தால் உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷரில் ஒரே வளையம் தெளிவாக இருக்கும், திரும்பத் திரும்பப் போட்டதில் ஒன்றுக்குள் ஒன்றாக விலகிய வளையங்கள் தெரியும். பில்லில் "ட்ரெயின் பிளக் வாஷர், 1" என்று காசு வாங்கியிருந்தால், அந்த இரண்டாவது வளையம் பேசும். இரட்டை கேஸ்கெட் என்றால் கேட்கவே வேண்டாம், ஃபில்டரைக் கழற்றினால் இரண்டு ரப்பர் வளையம் கையில் வரும். கல் அடித்துச் சம்ப் உடைந்ததென்றால் உள்நோக்கிய நசுங்கலும் கீறலும் இருந்தே தீரும். வருடக்கணக்கில் ஆயில் மாற்றாத என்ஜின் என்றால் ஆயில் உறிஞ்சும் வாயில் உள்ள சல்லடையான ஸ்ட்ரெய்னரில் கறுப்புத் தார் போல சேறு அடைத்திருக்கும். திடீரென்று ஆயில் இழந்த என்ஜினின் உட்புறம் சுத்தமாக இருக்கும், பேரிங் மட்டும் மேல்பூச்சு வழித்துச் செம்பு தெரிய, பேரிங் உட்காரும் கிராங்க் பகுதியான ஜர்னல் சூட்டில் நீலம் பாரித்திருக்கும். இவ்வளவையும் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த சர்வீஸ் சென்டரிலேயே இருக்கிறார்கள். படிக்கிறார்கள், எழுதுவதில்லை.

அந்த ஓ.டி.பி.

எல்லாம் திரும்புவது ஒரு சின்ன இடத்தில். வண்டி வந்த அன்றோ மறுநாளோ போன் வரும். "என்ஜினைப் பிரிச்சுப் பார்த்தாதான் சார் என்னன்னு தெரியும். மொபைலுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க." சில இடங்களில் லிங்க் வரும், சில இடங்களில் இன்னும் காகிதக் கையெழுத்து. நல்ல மனதோடு சொல்லிவிடுவோம். சொன்ன நொடியில் என்ன நடந்தது? தப்பு செய்ததாகச் சந்தேகிக்கப்படுகிறவரே, தனியாக, கதவுக்குப் பின்னால், சடலத்தை அறுத்துப் பரிசோதித்து, அறிக்கையும் எழுதி, பாகங்களையும் ஸ்கிராப் டப்பாவில் போட அனுமதி கொடுத்துவிட்டோம். அந்த ஒப்புதலில் பிரித்துப் பார்க்கும் கூலியும் உங்கள் தலையில் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதற்குப் பிறகு ஃபில்டர் எங்கே என்று கேட்டால், "அது அப்பவே வேஸ்ட்ல போயிருச்சே சார்."

இந்த ஓ.டி.பி.யைத் தள்ளிப்போடுவதுதான் மொத்த விவகாரத்திலும் வண்டிக்காரர் கையில் இருக்கிற ஒரே துருப்புச் சீட்டு என்பது என் முடிவு. மறுக்க வேண்டாம், தள்ளிப்போட்டால் போதும். அன்றே டீலரின் ஜெனரல் மேனேஜருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் ஒரே மின்னஞ்சல்: இந்தத் தேதியில் இத்தனை கிலோமீட்டரில் உங்களிடம் ஆயில் மாற்றினேன், பில் எண் இது, இத்தனை கிலோமீட்டர் ஓடியபின் என்ஜின் நின்றது, என் முன்னிலையில் வீடியோ பதிவோடு மட்டுமே பிரிக்கலாம், கழற்றிய எல்லாப் பாகமும் எனக்கு வேண்டும், மிச்ச ஆயிலில் இரண்டு சுத்தமான பாட்டில்களில் மாதிரி எடுத்து சீல் வைத்து ஆளுக்கு ஒன்று. இதைத் தமிழில் எழுதினாலும் செல்லும். கூடவே ஜாப் கார்டையும் பாருங்கள். "என்ஜின் சத்தம்" என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்து வேண்டாம். "ஆயில் இல்லாத நிலையில் ரெக்கவரி வண்டியில் கொண்டுவரப்பட்டது, கடைசி சர்வீஸ் இதே இடத்தில்" என்பதை அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள்.

பிரிக்கும் அன்று கூட ஒருவர் வேண்டும். தெரிந்த மெக்கானிக் கண்ணுக்கு உதவுவார், ஆனால் அவர் வார்த்தை காகிதத்தில் எடை குறைவு. காப்பீட்டுத் துறையில் உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர்கள் தனியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்வையிட்டு அறிக்கை தருவார்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும். பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் "நீங்கள் நிபுணர் சான்று ஏதும் தரவில்லை" என்று தள்ளுபடி ஆகாமல் இருக்க அந்தச் செலவு தேவை. இதற்கு முன்னால், வண்டி நின்ற இடத்திலேயே எடுக்க வேண்டிய படங்கள் உண்டு: ஓடோமீட்டர், டிப் ஸ்டிக், சம்ப்பின் அடி, ரோட்டில் ஆயில் கோடு. அடியில் பிளாஸ்டிக் தடுப்புத் தட்டு உள்ள கார்களில் ஆயில் அதற்குள்ளேயே தேங்கித் தரையில் சொட்டாமல் இருந்திருக்கும், அதையும் எடுங்கள். "ஒரு லிட்டர் ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று போனில் யார் சொன்னாலும் சாவியைத் தொட வேண்டாம்.

"இன்ஷூரன்ஸ்ல போட்டுக்கலாம்"

ஓ.டி.பி. கிடைக்கவில்லை என்றால் அடுத்து வருவது இனிப்பு. "எதுக்கு சார் பிரச்சினை, சம்ப்ல கல்லு அடிச்சதா கிளெய்ம் போட்டுடலாம், உங்களுக்குக் கைக்காசு ரொம்ப வராது." கேட்க நன்றாகத்தான் இருக்கும். சாதாரண மோட்டார் பாலிசி இயந்திரக் கோளாறையும் தேய்மானத்தையும் ஏற்காது. தனியாகப் பணம் கட்டி வாங்கும் என்ஜின் புரொடெக்ட்கூட வழக்கமாக நீர் புகுந்ததற்கும், வெளியடி பட்டு ஆயில் ஒழுகியதற்கும்தான். முடுக்காத பிளக்குக்கு இல்லை. ஆக, கிளெய்ம் நிற்க ஒரு கல் வேண்டும், அந்தக் கல்லை நீங்கள் கையெழுத்துப் போட்டு உருவாக்க வேண்டும். சர்வேயர் அடி எங்கே என்று கேட்டு மறுத்துவிட்டால், உங்கள் கையில் மிஞ்சுவது "கல் அடித்ததால் ஆயில் ஒழுகியது" என்று நீங்களே எழுதிக்கொடுத்த கடிதம். சர்வீஸ் சென்டரின் வக்கீலுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பொய் கிளெய்ம் குற்றம் என்பது தனிக்கதை.

சமாதானமாகப் போகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "பேரிங் மட்டும் ஃப்ரீயா மாத்தித் தர்றோம்" என்பது பெருந்தன்மை போலத் தெரியும். ஜர்னலை மைக்ரோமீட்டரால் நாலு பக்கமும் அளந்த தாளைக் காட்டச் சொல்லுங்கள். ஜர்னல் நீள்வட்டமாகியிருந்தால் புது பேரிங் சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி போகும். பழைய என்ஜின்களுக்கு லேத்தில் கிராங்க் கட்டிங் செய்து, அதாவது ஜர்னலைக் கடைந்து சிறிதாக்கி, அதற்கேற்ற 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் போடுவது நல்ல வைத்தியம். இன்றைய பல சிறிய என்ஜின்களுக்குக் கம்பெனி அண்டர்சைஸ் தருவதே இல்லை, கிராங்கோ பிளாக்கோ மாற்றியாக வேண்டும். உதிர்ந்த உலோகத் துகள் ஆயில் வழிகள், ஆயில் கூலர், டர்போ, கேம் பேஸர் என்று எங்கும் போய் உட்கார்ந்திருக்கும். அவற்றைச் சுத்தம் செய்ததும் மாற்றியதும் பில்லில் தனித்தனியாக வர வேண்டும். பிளாக் மாறினால் என்ஜின் எண் மாறும். ஆர்.சி.யிலும் பாலிசியிலும் அதைத் திருத்தாவிட்டால் வண்டியை விற்கும்போதோ அடுத்த விபத்திலோ கழுத்தைப் பிடிக்கும். பிளாக்கின் கொள்முதல் பில் நகலை மறக்காமல் வாங்குங்கள்.

ஒத்துக்கொள்ளாவிட்டால் வழி நுகர்வோர் ஆணையம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அது தீர்ப்பு சொல்லாது, ஆனால் கம்பெனியின் தலைமை அலுவலகம் பதில் எழுதும், அந்தப் பதில் பிற்பாடு ஆவணமாகும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு விஷயம் வண்டிக்காரருக்குச் சாதகம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டணமும் ஆணைய வரம்பும் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து இல்லை, கொடுத்த விலையை வைத்து. சர்வீஸ் பில் ஆறாயிரம் என்றால் கேட்பது மூன்று லட்சமாக இருந்தாலும் கட்டணம் இல்லை, ஏனென்றால் 5 லட்சம் வரை விலக்கு. வக்கீல் கட்டாயம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மஞ்சள் போர்டு வண்டிக்காரர், தானே ஓட்டிப் பிழைக்கிறவராக இருந்தால், அவரும் நுகர்வோர்தான். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் வருடக்கணக்கு, அதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றுவதாகும்.

டீலரை முதல் எதிர்தரப்பாகப் போடுங்கள், கம்பெனியை இரண்டாவதாக. கம்பெனி "டீலர் எங்கள் ஏஜென்ட் இல்லை, தனி வியாபாரி (பிரின்சிபல் டு பிரின்சிபல் உறவு), அவர் தவறுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று வாதிடும். 2021 பிப்ரவரியில் கோவா கார் வழக்கு ஒன்றில், டீலரின் செயல் தெரிந்திருந்ததாக நிரூபிக்காமல் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. அது பழைய மாடலைப் புதியதாக விற்ற வழக்கு. சர்வீஸ் விஷயத்தில், முதல் நாளே கம்பெனிக்கும் அனுப்பிய மின்னஞ்சல் இருந்தால் "எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்ற வாசல் அடைபடும். வீடியோ, வாட்ஸ்அப் உரையாடல்களைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணங்களுக்கான சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள். 2024 ஜூலை வரை பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி என்று அழைக்கப்பட்டது இதுதான்.

வழக்கு நடக்கும்போது வண்டி எங்கே நிற்கும் என்பது யாரும் முன்கூட்டி யோசிக்காத செலவு. ஒரு வாரம் கழித்து "தினசரி பார்க்கிங் கட்டணம்" என்று நோட்டீஸ் வரும். பிரித்த என்ஜின் தட்டில் கிடக்க, பேட்டரி இறங்கி, எலி ஒயரிங்கைக் கடிக்க ஆரம்பித்திருக்கும். கூட்டுப் பார்வையும் படங்களும் முடிந்ததும், எல்லாப் பாகத்துக்கும் பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டு, வண்டியை வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவது நல்லது. வேறு ஒர்க் ஷாப்பில் சரிசெய்து ஓட்டிக்கொண்டே வழக்கை நடத்தலாம், பழைய பேரிங்கும் ஃபில்டரும் பிளக்கும் சீல் வைத்த பையில் வீட்டில் இருந்தால் போதும். ஆணையம் நிபுணரை அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் எண்ணம் இருந்தால் மட்டும், சரிசெய்வதற்கு முன்பே மனுப் போட்டுவிடுங்கள்.

இனி சர்வீஸ் முடிந்து வண்டி எடுக்கிறவர்களுக்கு. கேட்டைத் தாண்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து டிப் ஸ்டிக்கைப் பார்க்கலாம். ஆயில் இரண்டு குறிக்கும் நடுவே, மேல்குறிக்கு அருகில் இருக்க வேண்டும். மேல்குறியைத் தாண்டியிருந்தாலும் திருப்பிக் கொடுங்கள், கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். அன்று இரவு வண்டிக்கு அடியில் பழைய டி.வி. வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். வண்டியின் முன் சக்கரங்கள் எங்கே நின்றன என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால், காலையில் சொட்டு விழுந்திருக்கும் இடம் பிளக்குக்கு நேர் கீழேயா, ஃபில்டருக்குக் கீழேயா, இல்லை ஏ.சி. தண்ணீரா என்று குனியாமலே தெரியும்.